மறுபடி துவைத்த துணி

அத்தை,

இன்று காலை பால்கனிக் கொடியிலிருந்து துண்டை எடுத்து முகம் துடைத்தேன். மீன் வறுத்த வாசனை. கீழ்த்தளத்தில் யார் வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமைச் சமையல். சங்கரா மீனாக இருக்க வேண்டும், மசாலாவில் பூண்டு தூக்கலாக இருந்தது. நேற்றுதான் மிஷினில் போட்டு, வாசனைத் திரவமெல்லாம் ஊற்றி அலசி எடுத்த துண்டு. வேறொரு நாளாக இருந்தால் கீழ்வீட்டாரை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். இன்று துண்டை முகத்திலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உங்கள் மகன் பார்த்துவிட்டு, "அழுவுறியா இன்னா?" என்றார். இல்லை என்றேன். பொய்தான்.

நேற்று மாலையிலிருந்தே உங்கள் நினைப்பு. எங்கள் நாவலூர் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அதை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது நம் இருவருக்கும் வழக்கமில்லை. ஒரு காப்பி குடித்து, ஊர்க்கதை பேசி, எழுந்து போகிற நேரத்தில் கதவருகே நின்றுகொண்டுதான் முக்கியமானதைச் சொல்வோம். அப்படியே இருக்கட்டும்.

கல்யாணமாகி நான் கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, எனக்குப் பெரிய சந்தோஷம் உங்கள் வீட்டு வாஷிங் மிஷின்தான். செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் அது கிடையாது. உங்கள் மிஷினுக்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் உறை தைத்து மாட்டியிருந்தீர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குச் சட்டை மாட்டுவது போல. கடல் காற்றின் உப்பு அதன் அடிப்பக்கத்தைத் தின்றுகொண்டே இருக்கும். மாமா வருஷா வருஷம் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருப்பார். முதல் வாரம் நான் அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு போய் மூடியைத் திறந்ததும் பதறிக்கொண்டு வந்தீர்கள்.

"ஐயே, இன்னா பண்ற? மொதல்ல கையில தொவச்சிட்டு வா."

"கையில துவைச்சா மிஷின் எதுக்கு அத்தை?"

"அழுக்குத் துணிய அப்டியே போட்டா மிஷின் அழுக்காயிடாதா?"

கழுத்துப் பட்டியையும் மணிக்கட்டையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு தண்ணீரில் அலசி, பளிச்சென்று ஆன பிறகு அந்த மகாராணிக்குத் துணியைக் கொடுப்பீர்கள். அவள் ஒரு சுற்று சுற்றிப் பிழிந்து தருவாள். அவள் கக்கும் தண்ணீரை வாளியில் பிடித்துக் குளியலறையைக் கழுவிவிடுவீர்கள். பிறகு மொட்டை மாடி.

அந்த மொட்டை மாடியைப் பற்றி எவ்வளவு பேசியிருப்பீர்கள். எந்தக் கொடி யாருக்கு என்று அங்கே கணக்குக் கிடையாது. மாமா ஒர்க்ஷாப்பில் ஹெல்ப்பர். மேல்மாடியில் இருந்தவர் விஞ்ஞானி. "சயின்டிஸ்டு வூட்டு வேட்டியும் உங்க மாமா காக்கியும் ஒரே கொடியில தொங்கும்" என்று சொல்லும்போது உங்கள் கழுத்து ஒரு அங்குலம் உயரும். மழை வந்தால் முதலில் பார்க்கிறவர் "மழ வர்து, துணி எடுங்கோ" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு எல்லார் துணியையும் வாரிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதுதான் சட்டம். நீங்கள் குடிவந்த புதிதில் ஒரு மழைக்கு அந்த விஞ்ஞானியின் மனைவி உங்கள் துணியை எடுத்து, மடித்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தாராம். "மடிச்சிக் குடுத்துச்சி பொண்ணே, என் பாவாடையக் கூட" என்பீர்கள். நூறு முறை கேட்டுவிட்டேன். மடித்துக் கொடுத்ததில் என்ன அதிசயம் என்று எனக்கு விளங்கியதே இல்லை. நீங்கள் வாயைத் திறந்ததும் "மடிப்புக் கதையா அத்தை?" என்று கேலி செய்வேன். நீங்களும் கோபித்துக்கொள்ளாமல் முழுக் கதையையும் சொல்லி முடிப்பீர்கள்.

பிறகு உங்கள் மகனை மறைமலைநகர் கம்பெனியிலிருந்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஸ்டட்கார்ட் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். மாமா காலமான அடுத்த கோடையில், மூன்று மாத விசாவில், இரண்டு மூட்டைப் புளியோடும் மிளகாய்த் தூளோடும் உங்கள் பைபிளோடும் வந்து இறங்கினீர்கள். வந்ததும் முதல் சண்டை அந்த ஊர் மிஷினோடுதான்.

அது நிலவறையில் இருந்தது. எல்லா வீட்டு மிஷின்களும் அங்கே வரிசையாக நிற்கும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் கண்ணாடி வயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். "தண்ணியே ஊத்தாம தொவைக்குதே. ஒரு சொம்புத் தண்ணியில குளிச்சிட்டு வந்தேன்றவன் மாதிரி கீது." இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது அது. நடுவில் ஒரு கைக்குட்டை விட்டுப்போனது ஞாபகம் வந்து நீங்கள் கதவை இழுக்க, அது திறக்க மாட்டேன் என்றது. "இன்னாடி இது, உள்ள பூந்தா வெளிய வர முடியாத ஜெயிலு?" என்று அதனிடமே கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே துணி துவைக்கக் கூடாது, சத்தம் வரும் என்றபோது மட்டும் முகம் மலர்ந்தது. "ஓய்வு நாளுன்னு வேதத்துலயே கீது. இது ஒண்ணாவது ஒழுங்கா செய்றாங்க."

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகளோடு வீடியோவில் பேசியபோது, அவள் குடியிருப்பில் வெளியே துணி காயப்போட்டால் அபராதம் என்றாள். எல்லாமே உலர்த்தும் மிஷின்தானாம். அவள் ஜன்னலுக்கு வெளியே டெக்ஸாஸ் வெயில் கொளுத்துவது செல்போனிலேயே தெரிந்தது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னீர்கள்: "வெயில் கீற ஊர்ல கரண்ட்ல காய வைக்குறா. வெயிலே இல்லாத ஊர்ல வெளிய காயப் போட்றாங்க. ஒலகமே தலகீழா கீது."

எங்கள் ஜெர்மனி வீட்டு முற்றத்தில், குடைக் கம்பிகளை மட்டும் விரித்து நிறுத்தியது போல ஒரு கொடி நின்றது. வீட்டுக்கு இரண்டு நாள் முறை. கீழ்வீட்டு அம்மாளின் முறை வந்தால் நீங்கள் ஜன்னலை விட்டு நகர மாட்டீர்கள். அவர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். உள்ளாடைகளை முன்வரிசையில் கிளிப் போட்டு வரிசையாக மாட்டுவார். நம் ஊரில் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுகிற சாமான்கள். "மானத்தையே கொடியில போட்டுகினு கீது இந்தம்மா" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். இரண்டு வருஷத்தில் அவர் எங்களோடு பேசியது காலை வணக்கமும் மாலை வணக்கமும் மட்டுமே.

அவர் முறை வந்த ஒரு நாள் மதியம் நான் கடைக்குப் போயிருந்தேன். கீழ்வீட்டம்மா ரயிலேறித் தன் தங்கையைப் பார்க்கப் போயிருந்தார். வானம் சட்டென்று கறுத்திருக்கிறது. நீங்கள் யோசிக்கவே இல்லை. படியிறங்கி ஓடி, ஆளில்லாத முற்றத்தில் நின்று, "மழ வர்து, துணி எடுங்கோ" என்று தமிழில் ஒரு குரல் வேறு கொடுத்தீர்களாம். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது நாற்காலி முதுகிலும் கதவு மேலும் அந்நிய மனுஷியின் துணிகள் தொங்கின. அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அது நான் போட்டிருந்த உத்தரவு. மீன் வறுக்கும்போது ஜன்னலைத் திறந்தால் யாராவது புகார் சொல்வார்களோ என்ற பயம். அந்த ஊரில் அடுத்தவர் துணியைக் கேட்காமல் தொடுவது, அவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவது போல.

"பாவம் பொண்ணே, தனியா கீற பொம்பள. நனஞ்சி போச்சின்னா மறுபடி யாரு தொவைப்பா?" என்றீர்கள், மீனைத் திருப்பிப் போட்டபடி.

சாயங்காலம் இருவருமாகத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அழகாக மடித்திருந்தீர்கள். உள்ளாடைகளைத் துண்டுக்குள் பொதிந்து, யார் கண்ணிலும் படாமல். கீழ்வீட்டம்மா வாங்கிக்கொண்டார். முகம் ஒரு மாதிரி போனது. நன்றி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். "மூஞ்சியே சரியில்லியே" என்றீர்கள் படியேறும்போது.

மறுநாள் நல்ல வெயில். காப்பியோடு ஜன்னலுக்கு வந்தீர்கள். முற்றத்துக் கொடியில் அதே நீலக்கோடு விரிப்பு, அதே துண்டுகள், அதே உள்ளாடைகள், ஈரம் சொட்டச் சொட்ட.

"அது நேத்து நான் மடிச்சது" என்றீர்கள்.

காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டீர்கள்.

அன்று மாலை சமையலறையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது, அதுவரை எனக்கோ உங்கள் மகனுக்கோ சொல்லாதது. "அப்போ நான் பாவாட சட்ட போட்டுகினு திரியற வயசு. எங்கம்மா பெரிய வூட்டு களத்துல நெல்லு காய வெச்சிகினு இருந்திச்சி. மழ வந்துச்சி. அல்லாரும் நெல்ல வார ஓட்னாங்க. கொடியில அந்த வூட்டுத் துணி கீது, யாரும் பாக்கல. நான்தான் ஓடிப்போய் எடுத்து மாட்டுக் கொட்டாயில வெச்சேன். நல்லதுன்னுதான் செஞ்சேன். அந்த வூட்டம்மா வந்து பாத்துச்சி. திட்டல, ஒண்ணும் சொல்லல. ஒரு கொம்ப எடுத்தாந்து, அத்தினித் துணியையும் அதால தூக்கித் தண்ணித் தொட்டியில போட்டுச்சி. எங்கம்மா பாத்துகினே நின்னுச்சி. நானும் நின்னேன்."

பிறகு நிமிர்ந்து பார்த்து, "கடல் தாண்டி வந்தா இங்கியும் அதே கொம்புதானா?" என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு உங்கள் மடிப்புக் கதை விளங்கியது அத்தை. விஞ்ஞானி வீட்டம்மா உங்கள் பாவாடையைக் கையால் தொட்டு மடித்ததை ஏன் அத்தனை முறை சொன்னீர்கள் என்று.

அடுத்த நாள் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னீர்கள். டிக்கெட்டை முன் தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேட்கச் சொன்னீர்கள். முற்றத்துக்கு இறங்கவே இல்லை. உங்கள் புடவையைக் குளியலறைக் கம்பியில் போட்டீர்கள்; காயாமல் அது பூஞ்சை வாசம் அடித்தது. உங்கள் மகன், "வுடு, அந்தம்மா பழக்கம் அப்டி இருக்கும்" என்றார். இருக்கலாம். என்னால் விட முடியவில்லை. இந்த நினைப்போடு உங்களை விமானம் ஏற்றினால், இனி எந்த மழைக்கும் நீங்கள் அடுத்தவர் துணியைத் தொட மாட்டீர்கள் என்று தெரிந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. கோபம் கோபமாக வந்தது.

செல்போன் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். "எங்கள் வீட்டு அம்மா தொட்டதால்தான் மறுபடி துவைத்தீர்களா?"

அவருக்குப் புரியவில்லை. "தொட்டதாலா? எதைத் தொட்டதால்?" என்றார். நான் திருப்பிக் கேட்டேன். புரிந்ததும் அவர் முகம் வெளிறி, பிறகு சிவந்தது. உள்ளே போய், மிஷினில் இடம் போதாமல் அடுத்த முறை துவைக்க ஒதுக்கி வைத்திருந்த ஒரு தலையணை உறையை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மீன். கானாங்கெளுத்தி, மிளகாய்த் தூள், பூண்டு, கறிவேப்பிலை. ஒன்றையும் விடாமல் அந்த உறைக்குள் இறங்கியிருந்தது. ஜன்னலைச் சாத்திய வீட்டில், அரை ஈரத் துணிக்கு நடுவில், நீங்கள் ஒரு கிலோ மீன் வறுத்திருந்தீர்கள். இரவெல்லாம் மீன் கடைக்குள் படுத்தது போல் இருந்தது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். உதவி செய்தவரிடம் போய் அதை எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்ததாம். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவர் பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தார்.

மேலே வந்து சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. "வேதத்தத் தொட்டுச் சொல்லு" என்றீர்கள். தொட்டுச் சொன்னேன். உறையை நீட்டினேன். மூக்கருகே கொண்டுபோனவர் வெடுக்கென்று தள்ளிப் பிடித்தீர்கள்.

"ஐயே. நம்ம மீனு." மறுபடி ஒரு முறை முகர்ந்து பார்த்தீர்கள். "இதுல எவ தல வெச்சித் தூங்குவா? நானா இருந்தா ரெண்டு வாட்டி தொவச்சிருப்பேன்."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தீர்கள். மாமா போன பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"நீ போய் கேட்டியா?"

"கேட்டேன்."

"நேராவா? நான் தொட்டதாலயான்னா?"

"நேராத்தான் அத்தை."

"அன்னிக்கி நானும் எங்கம்மாவும் நின்னுகினே இருந்தோம். எதுக்குன்னு கேக்கல. பதிலு தெரியும். ஆனா கேக்க முடியாது." அந்த உறையை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தீர்கள். "நீ கதவத் தட்டிக் கேட்டுகினு வந்துட்ட. அது போதும் எனக்கு."

உறையைக் குளியல் தொட்டியில் போட்டுக் கையாலேயே துவைத்தீர்கள், மிஷின் அழுக்காகிவிடக் கூடாதே என்று. பெட்டி மறுபடி பரணுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு மழைக்குக் கீழ்வீட்டம்மா நம் துணிகளை எடுத்துவைத்து, கூடையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஊர் வழக்கப்படி எல்லாவற்றுக்கும் இஸ்திரி போட்டு. உங்கள் உள்பாவாடைக்கும். "இஸ்திரி போட்ட பாவாடையக் கட்ட மனசு வர்லியே" என்று அதை அப்படியே பெட்டியில் வைத்து கல்பாக்கத்துக்குக் கொண்டுவந்தீர்கள். மாடியில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நாங்களும் ஊர் திரும்பிவிட்டோம். நீங்கள் இல்லாமல் வந்த முதல் மழைக்காலம் இது. இனி அந்தச் செய்திக்கு வருகிறேன்.

எங்கள் மொட்டை மாடியிலும் கொடிகள் இருக்கின்றன. முந்தாநாள் எல்லாரும் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் மழை கொட்டியது. திருப்போரூர் பக்கமிருந்து ஷேர் ஆட்டோவில் துப்புரவு வேலைக்கு வருகிற ஒரு பெண், எல்லார் துணியையும் எடுத்து, மடித்து, மாடிப்படி முகப்பில் அடுக்கி வைத்திருக்கிறாள். என் விரிப்பும் அதில் இருந்தது. நேற்று மாலை, பன்னிரண்டாம் மாடியில் இருக்கும் பெண்மணி ஒருவர் குழுவில் எழுதியிருக்கிறார்: துப்புரவு ஆட்கள் நம் துணியைத் தொட வேண்டாம் என்று யாராவது சொல்லுங்கள், எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது. கீழே கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்திருந்தன.

அந்தப் பெண்ணை இன்று தேவாலயத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். அவளுக்குச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. "மழ வந்துச்சிக்கா. யாரையும் காணோம். அதான் எடுத்து வெச்சேன். தப்பாக்கா?" என்றாள். துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் அவள் மடித்துவைத்த என் விரிப்பை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். நன்றாக, மூச்சை இழுத்துப் பார்த்தேன். சோப்பும் கொஞ்சம் மழையும். வேறு எதுவும் இல்லை.

அதனால், இந்த முறை மீன் என்று பதில் வராது. அது தெரிந்துதான் பன்னிரண்டாம் மாடிக்குப் போகப் போகிறேன். அன்று அகராதி பார்த்து அந்நிய மொழியில் கேட்டபோதுகூட இத்தனை முறை சொல்லிப் பார்க்கவில்லை. சொந்த மொழியில் கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. வாக்கியம் அதேதான்: அவள் தொட்டதால்தான் மறுபடி துவைத்தீர்களா? அவர் என்ன சொல்வார், குழுவில் என்ன எழுதுவார்கள், லிஃப்டில் யார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பதெல்லாம் பிறகு.

பதில் எனக்குத் தெரியும். ஆனால் என்னால் கேட்க முடியும்.

உங்கள் மகன் லிஃப்டை அழைக்கப் போயிருக்கிறார். செருப்பை மாட்டிக்கொள்கிறேன், அத்தை.